கார்த்திகைப் பொரி உருண்டை

ஐப்பசியில் வரும் தீபாவளியை ஊரெல்லாம் முழக்கத்துடன் வரவேற்கிறது. அதன் பின்னர்ச் சில வாரங்களில், யாதொரு சந்தடியும் செய்யாமல் வந்து போகும் பண்டிகை திருக்கார்த்திகை. வாசலில் கோலம், கோலத்தின்மீது அகல் விளக்கு, கோயிலுக்கு எதிரே சொக்கப்பனை, அடுப்பங்கரையில் வெல்லப்பாகின் மணம். இவ்வளவுதான் அதன் ஆடம்பரம். பட்டாடை வேண்டுவதில்லை; பட்டாசுக் கடையில் இடிபட வேண்டுவதுமில்லை. இரண்டு படிப் பொரியும் சிறிது வெல்லமும் வாங்கச் சக்தியுள்ள எந்தக் குடும்பமும் இப்பண்டிகையைக் குறைவறக் கொண்டாடிவிடலாம்.

இத்தகைய பண்டிகையின் தலைமைப் பக்ஷணமாகிய பொரி உருண்டையைப் பற்றி நாம் எழுத முற்பட்டதற்குக் காரணம் வகுப்பறையில் நிகழ்ந்த ஒரு சிறு சம்பவம். “கார்த்திகைப் பொரி உருண்டையை எப்படிச் செய்வார்கள்?” என்று பிள்ளைகளைக் கேட்டோம். இரண்டு மூன்று கைகளே உயர்ந்தன. அவற்றுள் ஒரு கைக்குரிய சிறுவன் எழுந்து, “கடையில் காகிதப் பையில் போட்டுத் தருவார்கள், ஐயா” என்றான். வகுப்பு முழுவதும் சிரித்தது. நாமும் சிரித்தோம். ஆனால் வீட்டுக்குத் திரும்பும் வழியில் அந்தச் சிரிப்பு நமக்கே கசந்தது. நம் தாயார் இருக்கிறார். ஆண்டுதோறும் செய்து தருகிறார். நாமும் ஆண்டுதோறும் உண்கிறோம். ‘அவர் இல்லாவிடில் உனக்குச் செய்யத் தெரியுமா?’ என்று மனம் கேட்ட கேள்விக்கு, அந்தச் சிறுவன் சொன்னதைவிடச் சிறந்த விடை நம்மிடமும் இல்லை.

சொல்லும் பொருளும்

இன்று நம் குழந்தைகள் வண்ணக் காகிதத்தில் சுற்றிய தின்பண்டத்தைக் ‘கேண்டி’ என்று நுனிநாக்கில் வழங்குகிறார்கள். அச்சொல் எங்கிருந்து வந்தது என்று விசாரித்தால், நம் வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தும். வடமொழியில் ‘கண்டம்’ என்றால் துண்டு. சர்க்கரைக் கட்டிக்கும் அதுவே பெயராயிற்று. அது பாரசீகத்தில் ‘கந்த்’ என்றாகி, அரபியில் ‘கந்தி’ என்றாகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் புகுந்தது. நாம் ‘கற்கண்டு’ என்னும்போதும் அந்தக் ‘கண்டு’ ஒலிக்கிறது. சீமைப் பண்டமென்று நாம் வியக்கும் பொருளின் பெயர் இந்நாட்டிலிருந்து புறப்பட்டுப் பல தேசங்கள் சுற்றித் திரும்பிய பெயரேயாகும். பெயர் திரும்பிவிட்டது, கைத்திறன்தான் வெளியேறிக்கொண்டிருக்கிறது.

பனையின் பண்டிகை

திருக்கார்த்திகையைப் பனையின் பண்டிகை என்றே சொல்லிவிடலாம். கோயில் முன்னே நட்டுக் கொளுத்தும் சொக்கப்பனை பனைமரத் துண்டும் பனையோலையும் கொண்டது. சிறுவர்கள் இரவில் பொறி பறக்கச் சுழற்றும் மாவலி, ஆண்பனையின் பூக்காம்பைச் சுட்டுக் கரியாக்கி, இடித்துத் துணியில் கட்டியது. தென்மாவட்டங்களில் அன்று பச்சரிசி மாவும் கருப்பட்டியும் சேர்த்துக் குருத்தோலைக்குள் வைத்து அவிக்கும் ஓலைக் கொழுக்கட்டையில் உள்ளும் பனை, புறமும் பனை. ஆகவே, பொரி உருண்டைக்கும் கரும்பு வெல்லத்தைக் காட்டிலும் பனங்கருப்பட்டியே பொருத்தமென்பது நம் வீட்டு வழக்கம். கருப்பட்டி கிடையாதவர் நல்ல வெல்லத்தில் செய்தாலும் குற்றமில்லை.

வேண்டிய சாமான்கள்

நெற்பொரி அல்லது அவல்பொரி ஒரு படி, அதாவது 8 ஆழாக்கு, பொடித்த கருப்பட்டி ஒன்றரை ஆழாக்கு, தண்ணீர் அரை ஆழாக்கு, பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய் கால் ஆழாக்கு, பொட்டுக்கடலை கால் ஆழாக்கு, ஏலக்காய் 4, சுக்குப் பொடி அரைத் தேக்கரண்டி, கையில் தொட்டுக்கொள்ளச் சிறிது நெய்யும் அரிசி மாவும்.

நெற்பொரியைச் சுளகிலிட்டுப் புடைத்து, உமியையும் பொரியாத நெல்லையும் பொறுக்கி நீக்க வேண்டும். நெல்லைச் சுடுமணலில் இட்டதும் அதனுள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி உமியை வெடித்துக்கொண்டு வெளிவருவதே பொரி. ஈரம் போதாத நெல் மலராமல் கிடந்துவிடும். அதை நீக்காவிட்டால் கிழவர்களின் பற்களுக்கு ஆபத்து. பிறகு பொரியை வெறும் வாணலியில் இளஞ்சூட்டில் புரட்டி மொரமொரப்பாக்கிக்கொள்ள வேண்டும். கார்த்திகை நமக்கு வடகிழக்குப் பருவமழைக் காலம். காற்றிலுள்ள ஈரத்தைப் பொரி நாழிகைக்கு நாழிகை குடித்துக்கொண்டேயிருக்கும் என்பதை மறக்கலாகாது. தேங்காய்ப் பல்லையும் நெய்யில் சிவக்க வறுத்துக்கொண்டால் சீக்கிரம் சிக்குப் பிடிக்காது.

கருப்பட்டியைத் தண்ணீரில் கரையவிட்டு, துணியில் வடிகட்டி மண்ணையும் தூசியையும் நீக்கியபின், அடி கனத்த பாத்திரத்தில் பாகு காய்ச்ச வேண்டும். இதுவரை எவரும் செய்துவிடலாம். இனிமேல்தான் சோதனை.

பதம் என்னும் மர்மம்

சென்ற கார்த்திகையில் நம் தாயாரின் கை நடுங்கத் தொடங்கியிருந்தது. கண் பார்வையும் மங்கிவிட்டது. அடுப்பருகே அவரை நிறுத்த அஞ்சி, நாமே கரண்டியை ஏந்தினோம். பட்டம் பெற்றவர்களாயிற்றே! ஒரு சமையற் குறிப்பில் ‘ஏழு நிமிஷம் கொதிக்கவிடுக’ என்று கண்டிருந்ததை நம்பிக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கிளறினோம். ஏழாவது நிமிஷத்தில் இறக்கிப் பொரியைக் கொட்டி உருட்டினோம். உருண்டைகள் அழகாகத்தான் இருந்தன. மாலையில் விளக்கேற்றும் வேளைக்குள் அவை ஒவ்வொன்றாகச் சரிந்து, தட்டில் அடைபோலப் படிந்துவிட்டன. தாயார் ஒரு துண்டை வாயிலிட்டுப் பார்த்து, “ருசிக்குக் குறைவில்லை, கரண்டி போட்டுச் சாப்பிடலாம்” என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

தவறு எங்கே என்று பிறகு யோசித்துப் பார்த்தோம். தண்ணீர் 100 பாகை செல்ஸியஸில் கொதிக்கும். அதில் சர்க்கரை கரைந்திருந்தால் கொதிநிலை உயரும். தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய, பாகின் சூடு மேலே ஏறிக்கொண்டேயிருக்கும். ஆகையால் பாகின் சூடென்பது அதில் எவ்வளவு தண்ணீர் எஞ்சியிருக்கிறது என்பதைச் சொல்லும் அளவுகோல். சர்க்கரைப் பாகு 112 முதல் 116 பாகை வரையில், தண்ணீரில் விட்டால் மெத்தென்று உருளும். 121 முதல் 130 வரையில் கெட்டியாக உருளும். அப்போது அதில் நூற்றுக்கு ஏறத்தாழ 92 பங்கு சர்க்கரை, எஞ்சியது தண்ணீர். 150 பாகையை எட்டினால் கண்ணாடிபோல் முறியும். வெல்லத்துக்கும் கருப்பட்டிக்கும் இக்கணக்கு சிறிது முன்பின்னாக இருக்கும். அடுப்பின் எரிவு, பாத்திரத்தின் அகலம், மழைக்காலத்தில் கருப்பட்டி இழுத்துக்கொண்ட ஈரம் ஆகியவை வீட்டுக்கு வீடு மாறும்போது, எல்லோருக்கும் ஒரே ஏழு நிமிஷம் எவ்வாறு பொருந்தும்? கடிகாரத்துக்கும் பாகுக்கும் உறவே இல்லை.

மறுநாள் மீண்டும் முயன்றோம். பள்ளிக்கூடத்து வெப்பமானி 110 பாகையோடு நின்றுவிடும். மேலும் பாதரசம் அடைத்த கண்ணாடியை உண்ணும் பண்டத்தில் இடுவது அறிவீனம். சமையலுக்கென்றே விற்கும் உலோகக் கம்பி வெப்பமானி ஒன்றை வாங்கிப் பாகில் நிறுத்தினோம். தாயார் அடுப்புக்கு முதுகைக் காட்டி முற்றத்துப் படியில் அமர்ந்திருந்தார். பாகு பொங்கி, பெரிய குமிழிகள் அடங்கி, சிறு குமிழிகளாகக் கெட்டிப்பட்டுக் கொதிக்கும் ஓசை எழுந்தபோது, திரும்பிப் பாராமலே, “இப்போது ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விடு” என்றார். விட்டோம். விரலால் திரட்டியதும் சுண்டைக்காய்போல் உருண்டது. “பித்தளைத் தட்டில் போடு.” போட்டோம். ‘ணங்’ என்று ஓசை கேட்டது. “இறக்கு, இறக்கு! இன்னும் எதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாய்?” என்று அதட்டினார். நாம் வெப்பமானியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றோம். அது 124 பாகை காட்டியது.

பள்ளிக்கூட வாசலை அறியாத ஒரு மூதாட்டி, செவியாலும் விரலாலும் அளந்த அளவு அது. அதைப் ‘பாட்டி வைத்தியம்’ என்று ஏளனமாகத் தள்ளுவோரும் உளர். தெய்வீகமென்று கைகூப்பி, கற்க முயலாது விடுவோரும் உளர். இரண்டும் பிழை. அது பழக்கத்தால் வந்த அறிவு. பழகினால் எவருக்கும் வரும். பழகாவிட்டால் எவரிடமும் தங்காது.

உருட்டும் முறை

பதம் வந்ததும் ஏலக்காய்ப் பொடி, சுக்குப் பொடி சேர்த்து இறக்கி, பொரி, பொட்டுக்கடலை, தேங்காய் ஆகியவற்றின்மீது பரவலாக ஊற்றி, மரக்கரண்டியால் விரைந்து புரட்ட வேண்டும். கை பொறுக்கும் சூடு வந்தவுடன், நெய்யும் மாவும் தொட்டு, முதலில் மெதுவாகச் சேர்த்துப் பின் இறுகப் பிடிக்க வேண்டும். பாகு கொதிநீரைவிடச் சூடானது. தோலில் ஒட்டிக்கொண்டு சுடும். ஆதலால், குழந்தைகள் அடுப்பண்டை வரலாகாது. ஆறிய உருண்டைகளை அடுக்கும் வேலையை அவர்களுக்குக் கொடுக்கலாம். கலவை ஆறி உதிர்ந்தால், வாணலியை இளஞ்சூட்டில் ஒரு நிமிஷம் காட்டினால் மீண்டும் இளகும். உருண்டைகள் முற்றும் ஆறியபின் காற்றுப் புகாத தகர டப்பாவில் வைத்தால் ஒரு வாரம் மொரமொரப்புக் குறையாது.

மரத்தின்மேல் இருப்பவர்

பக்ஷணத்தோடு விஷயம் முடிந்துவிடவில்லை. அந்தக் கருப்பட்டி எங்கிருந்து வந்தது? கோடையில் ஒருவர் விடியுமுன்னே பனையேறி, பாளையைச் சீவி, புளிக்காதிருக்கும்பொருட்டு உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பதநீரைச் சேகரித்து இறக்குகிறார். அவர் வீட்டுப் பெண்கள் புகைக்கு நடுவே மணிக்கணக்கில் காய்ச்சிச் சிரட்டையில் வார்க்கிறார்கள். இடை ஒடிக்கும் தொழில். தவறினால் உயிருக்கே அபாயம்.

1934-ஆம் ஆண்டில் காந்தியடிகள் வார்தாவில் அகில இந்திய கிராமக் கைத்தொழிற் சங்கத்தைத் தோற்றுவித்தபோது, அதை நடத்தும் பொறுப்பை ஏற்றவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா. பனைவெல்லம் அச்சங்கம் பேணிய தொழில்களுள் ஒன்று. கரும்புக்கு நஞ்சையும் நீரும் வேண்டும்; பனையோ வறண்ட தேரியிலும் தானே வளர்ந்து இனிப்பைத் தருகிறது என்பது அவர்கள் கண்ட உண்மை. 1978-இல் தமிழ்நாடு பனையைத் தன் மாநில மரமாக அறிவித்தது. மரத்துக்கு மரியாதை செய்தாயிற்று, மரம் ஏறுகிறவருக்கு?

கருப்பட்டியென்ற பெயரில் சர்க்கரையைக் காய்ச்சிக் கலந்து விற்கும் போலிச் சரக்கு சந்தையில் உலவுகிறது. அதன் மலிவைக் கண்டு மயங்கி, உண்மைக் கருப்பட்டிக்காரரிடம் பேரம் பேசுகிறோம். ‘பனையேறியின் மகன் பனையேற மறுக்கிறானே’ என்று வருந்துவோர், அவன் உழைப்புக்குரிய விலையைத் தந்தார்களா என்று தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். நம் பண்டிகை ருசிக்காக ஒருவர் உயிரைப் பணயம் வைக்க வேண்டுமென்று கோர நமக்கு உரிமையில்லை. நியாயமான விலை கொடுக்கும் கடமை மட்டும் உண்டு. கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020-இல் புவிசார் குறியீடு பெற்றது. வெல்லப்பாகில் செய்த ஓர் எளிய பண்டமும் ஓர் ஊருக்குப் பெயரையும் பிழைப்பையும் தரக்கூடும் என்பதற்கு அதுவே சான்று.

நிற்க. அந்த இரண்டாம் நாள் உருண்டைகள் சரியவில்லை. ஒன்றை எடுத்துத் தாயார் காதருகே தட்டிப் பார்த்தார்; பிறகு கடித்தார்; பிறகு தலையசைத்தார். அவ்வளவே நாம் பெற்ற நற்சான்றுப் பத்திரம். மறுநாள் வகுப்புக்கு ஒரு டப்பா நிறைய எடுத்துச் சென்றோம். காகிதப் பை என்று விடை சொன்ன சிறுவன் இரண்டு உருண்டைகளைத் தின்று முடித்துவிட்டு, “பாகு ஆயிற்று என்று எப்படி ஐயா தெரியும்?” என்று கேட்டான். ஒரு பித்தளைத் தட்டை வரவழைத்து, சிறிய கெட்டிப்பாகு உருண்டை ஒன்றை அதில் போட்டுக் காட்டினோம். வகுப்பு முழுவதும் நிசப்தமாகச் செவிகொடுத்தது.

வருகிற கார்த்திகைக்கு நேயர்களும் கடைப் பையை ஒரு தடவை ஒதுக்கிவைத்து, வீட்டிலுள்ள முதியவரை அடுப்பருகே ஒரு மணையில் அமர்த்திக்கொள்வார்களாக. முதல் வாணலி கெட்டுப்போனாலும் பாதகமில்லை. கரண்டி போட்டுச் சாப்பிடலாம். அந்த ஓசையை அவர் வாயிலாகவே ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்வது நலம்.