அழிய மறுக்கும் பாடல் கோப்புகள்: காரணமும் தீர்வும்

நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலை வழியாகக் களியக்காவிளை வரை செல்லும் சாலையின் இருபுறத்துக் கிராமங்களில் தமிழும் மலையாளமும் அடுத்தடுத்து ஒலிக்கின்றன. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நிலைத்தது. எல்லை வகுக்கப்பட்ட பின்னும் இப்பகுதி மக்களின் இசை நாட்டம் எல்லை கடந்ததாகவே இருக்கிறது. 1924-இல் பிறந்து, 2006-இல் திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் பாடிய முதல் பெண்மணி என்னும் சிறப்பைப் பெற்ற பாறசாலை பொன்னம்மாளின் கச்சேரிப் பதிவுகளையும், கோயில் கொடைகளில் ஒலிக்கும் வில்லுப்பாட்டையும், வீட்டு முதியவர்களின் குரலையும் கையடக்க எம்.பி.3 பிளேயரில் சேமித்து வைத்திருப்போர் உண்டு.

அத்தகைய பிளேயரில் இடம் நிரம்பியதும், பழைய கோப்புகளை அழிக்கக் கணினியுடன் இணைக்கிறோம். அப்போது ‘ரீட் ஒன்லி’, அதாவது ‘படிக்க மட்டும்’ என்று கூறிச் சில கோப்புகள் அழிய மறுக்கின்றன. உடனே முழுவதையும் ஃபார்மட் செய்வது அவசர முடிவாகும். மறுப்பின் காரணத்தை முதலில் அறிந்துகொண்டால், வேண்டாதவற்றை மட்டும் நீக்கி, வேண்டியவற்றைக் காக்கலாம்.

குறி வேறு, பூட்டு வேறு

பெரும்பாலான எம்.பி.3 பிளேயர்கள் ‘ஃபேட்’ என்னும் கோப்பு முறையைப் பயன்படுத்துகின்றன. அதில் ஒவ்வொரு கோப்புக்கும் 32 பைட் அளவுள்ள பதிவு ஒன்று உண்டு. அந்தக் கோப்பு படிக்க மட்டுமா, மறைக்கப்பட்டதா, கணினி அமைப்புக்கு உரியதா என்பதை அப்பதிவின் ஒரு பைட் தெரிவிக்கிறது. ஆகவே ‘படிக்க மட்டும்’ என்பது மாற்றத்தக்க ஒரு குறியே. பழைய விண்டோஸ் கணினிகளில் குறுந்தகட்டிலிருந்து படியெடுத்த பாடல்கள் இக்குறியையும் உடன் கொண்டுவந்தன.

இக்குறி மட்டுமே இருந்தால், விண்டோஸ் பெரும்பாலும் உறுதிப்படுத்தும் கேள்வி ஒன்றைக் கேட்டுவிட்டுக் கோப்பை அழித்துவிடும். ‘ரைட் புரொடெக்டெட்’ என்று அறிவித்து முற்றிலும் மறுத்தால், காரணத்தை வேறிடத்தில் தேடவேண்டும்.

முதலில் படியெடுங்கள்

எதையும் அழிப்பதற்கு முன் பிளேயரில் உள்ள அனைத்தையும் கணினியில் ஒரு கோப்புறைக்குள் படியெடுத்துக்கொள்வது நன்று. ‘படிக்க மட்டும்’ என்ற நிலை படியெடுப்பதைத் தடுக்காது. திரைப்படப் பாடல்களை மீண்டும் பெற்றுவிடலாம். மறைந்த பாட்டியின் தாலாட்டையோ, ஊர்க்கொடையில் நேரில் பதிந்த வில்லுப்பாட்டையோ எவரிடமிருந்தும் பெற இயலாது. எண்களை மட்டுமே பெயராகக் கொண்ட கோப்புகள் குரல்பதிவுகளாக இருக்கக்கூடும். அவற்றை ஒருமுறை கேட்டறிந்த பின்னரே முடிவு செய்க.

நீக்கும் முறை

விண்டோஸ் கணினியில் பிளேயருக்குரிய டிரைவைத் திறந்து, வேண்டாத கோப்புகளைத் தேர்ந்தெடுத்து, மவுசின் வலப் பொத்தானை அழுத்துக. ‘ப்ராப்பர்ட்டீஸ்’ பகுதியில் ‘ரீட் ஒன்லி’ என்பதற்கு எதிரேயுள்ள குறியை நீக்கி ‘அப்ளை’ கொடுத்து, பின்னர் அழிக்கவும். கோப்புறையின் ப்ராப்பர்ட்டீசில் அந்தக் கட்டம் எப்போதும் நிரம்பியே தோன்றும். கோப்புகள் பூட்டப்பட்டுள்ளன என்பது அதன் பொருளன்று. மேக் கணினியில் ‘கெட் இன்ஃபோ’ பகுதியில் உள்ள ‘லாக்டு’ குறியை நீக்கவேண்டும்.

இதன் பின்னும் அழியவில்லையெனில் கீழ்க்காண்பவற்றை வரிசையாகச் சோதிக்கலாம்.

1. மெமரி கார்டு உள்ள பிளேயராயின், கார்டு அல்லது அடாப்டரின் பக்கவாட்டில் உள்ள சிறு ‘லாக்’ விசையைப் பார்க்கவும்.

2. பிளேயரின் அமைப்புகளில் யுஎஸ்பி முறை எம்.டி.பி. என்றிருந்தால் எம்.எஸ்.சி. என மாற்றவும். அப்போதுதான் அது சாதாரண டிரைவாகக் கணினிக்குத் தெரியும்.

3. முறைப்படி ‘இஜெக்ட்’ செய்யாமல் பிடுங்கப்பட்ட பிளேயரில் கோப்பு அட்டவணை பழுதுபட்டிருக்கலாம். கேரள அரசுப் பள்ளிகளில் ‘கைட்’ வழங்கும் லினக்ஸ் பயன்பாட்டில் இருப்பதால், மாணவர் உள்ள வீட்டுக் கணினியிலும் லினக்ஸ் இருக்கக்கூடும். இத்தகைய பழுதைக் கண்டால் லினக்ஸ் அந்த டிரைவ் முழுவதையும் ‘படிக்க மட்டும்’ நிலைக்கு மாற்றிவிடும். விண்டோஸில் டிரைவின் ப்ராப்பர்ட்டீசில் ‘டூல்ஸ்’, அதன்கீழ் ‘செக்’ என்பதைக் கொடுத்து இப்பழுதைச் சீர்செய்யலாம்.

4. கோப்புறைகள் மறைந்து, அதே பெயரில் ‘ஷார்ட்கட்’ மட்டும் தோன்றினால் அது வைரசின் வேலையாக இருக்கலாம். அவற்றைத் திறவாமல் முதலில் வைரஸ் சோதனை செய்க.

இவற்றில் எதுவும் பயன்தராவிடில் சிப்பின் ஆயுள் முடிந்திருக்கலாம். ஃபிளாஷ் நினைவகம் குறிப்பிட்ட முறைகள் மட்டுமே எழுதத் தக்கது. அவ்வெல்லையை நெருங்கும்போது பல சிப்புகள் எழுதுவதை நிறுத்தி, படிப்பதை மட்டும் அனுமதிக்கின்றன. எஞ்சிய பதிவுகளை உடனே படியெடுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கான எச்சரிக்கை அது.

அழித்தது உண்மையில் அழிந்ததா?

ஒரு கோப்பை அழிக்கும்போது ஃபேட் முறை அதன் பெயரின் முதல் எழுத்தை மாற்றி, அது இருந்த இடம் காலியானது என்று குறிக்கிறது. உள்ளடக்கம் அங்கேயே தங்குகிறது. வேறு கோப்பு அவ்விடத்தில் எழுதப்படும் வரை, மீட்பு மென்பொருளைக் கொண்டு அதனை எடுத்துவிட முடியும். பாடல்களுடன் ஆதார், பாஸ்புக் நகல்களையும் பிளேயரில் வைத்திருந்தவர்கள் இதனை மனத்தில் கொள்ளவேண்டும். பிளேயரை விற்பதற்கோ பிறருக்குக் கொடுப்பதற்கோ முன், ‘குவிக் ஃபார்மட்’ என்பதன் குறியை நீக்கிவிட்டு முழு ஃபார்மட் செய்க. இன்றைய விண்டோஸ் அப்போது இடம் முழுவதிலும் சுழியங்களை எழுதிவிடும். கடவுச்சொல்லையும் ஏ.டி.எம். பின் எண்ணையும் இத்தகைய கருவிகளில் ஒருபோதும் எழுதி வைக்கவேண்டாம்.

உதவி கேட்கும்போது கவனம்

இணையத்தில் கிடைக்கும் ‘உதவி மைய’ எண்களை அழைக்கும்போது, மறுமுனையில் பேசுபவர் கணினித் திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொன்னால் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். இவ்வகைச் செயலியான எனிடெஸ்க் வழி நடக்கும் மோசடி குறித்து ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்துள்ளது. ஒரு பாடலை அழிப்பதற்கு ஓ.டி.பி. எதுவும் தேவையில்லை. பணம் பறிபோனது தெரிந்தால் தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழைத்து, தங்கள் வங்கிக்கிளைக்கும் தெரிவிக்கவும்.