போல்சானோவுக்கு மூன்று நாள் போதுமா?

இத்தாலியின் வட கோடியில், ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே இருக்கும் போல்சானோவை மலை நகரம் என்று நம்பி ஜூலையில் வந்து இறங்குபவருக்கு முதலில் கிடைப்பது நல்ல வெயில். நகரம் கடல் மட்டத்திலிருந்து 262 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. சுற்றிலும் மலை சூழ்ந்த பள்ளம் என்பதால் கோடையில் புழுங்கும். ஆனாலும் குறைந்த நாட்களில் டோலோமைட் மலைகளைப் பார்க்க விரும்புவோருக்கு இதைவிடத் தோதான ஊர் கிடைப்பது அரிது. குளிர்ச்சி வேண்டுமானால் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே கேபிள் கார் இருக்கிறது. 12 நிமிடத்தில் சுமார் 950 மீட்டர் மேலே கொண்டுபோய் விட்டுவிடும்.

பலர் போடும் திட்டம் வேறு மாதிரி இருக்கும். வாடகைக் கார், மூன்று நாள், கோர்த்தினா, பிரையஸ் ஏரி, மூன்று சிகரங்கள் என்று வரிசையாக ஐந்தாறு இடங்கள். வரைபடத்தில் எல்லாம் அருகருகேதான் தெரியும். மலைக் கணவாய்களில் ஏறி இறங்கி வளையும் சாலையில் அந்தத் தூரம் அரை நாளைத் தின்றுவிடும். மிச்ச நேரம் வண்டி நிறுத்த இடம் தேடுவதில் போகும். மூன்றே நாள் இருப்பவர் காரை மறந்துவிடலாம். ஒரே ஊரில் அறை எடுத்து, பெட்டியை ஒருமுறை மட்டும் திறந்து, தினமும் ஒரு மலைக்குப் போய் மாலையில் திரும்புவதே நல்லது.

வெரோனாவிலிருந்து ரயிலில் வந்தால் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். வடக்கே மியூனிக்கிலிருந்து பிரென்னர் கணவாய் வழியாகவும் நேரடி ரயில் உண்டு, சுமார் நான்கு மணி நேரம். இத்தாலிக்கும் ஜெர்மனிக்கும் ஒரே ஷெங்கன் விசா செல்லும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். அறை பதிவு செய்யும்போதே விருந்தினர் பயண அட்டை தருவார்களா என்று கேட்டுவிடுவது நல்லது. இந்த மாகாணத்தில் பல விடுதிகள் அதைத் தனிக் கட்டணம் இல்லாமலே தருகின்றன. உள்ளூர் ரயில், பேருந்து, மேலே சொன்ன கேபிள் கார் எல்லாவற்றுக்கும் அதுவே டிக்கெட்.

முதல் உலகப் போர் முடியும்வரை இந்த மாகாணம் ஆஸ்திரியாவின் பகுதி. 1919 ஒப்பந்தத்தில் இத்தாலிக்குக் கைமாறியது. மாகாணத்தில் பெரும்பாலோர் இன்றும் ஜெர்மன் பேசுகிறார்கள். பெயர்ப் பலகைகளும் இரு மொழியில் இருக்கும். போல்சானோவும் போசனும் ஒரே ஊர், ரெனோனும் ரிட்டனும் ஒரே மலை. பேருந்து அட்டவணை பார்க்கும் முன் இரண்டு பெயரையும் குறித்துக்கொண்டால் குழப்பம் இல்லை.

எந்த நாளில் எங்கே போவது என்பதை வானத்திடம் விட்டுவிட வேண்டும். மழை நாளைத் தொல்பொருள் அருங்காட்சியகத்துக்கு ஒதுக்கலாம். ஆனால் உண்மையில் அது மழைக்கு ஒதுங்கும் இடமல்ல. அதற்காகவே இந்த ஊருக்கு வரலாம். 1991 செப்டம்பரில் 3,210 மீட்டர் உயரத்தில், உருகும் பனியில் ஓர் உடலை ஜெர்மானியத் தம்பதியர் கண்டார்கள். அண்மையில் இறந்த மலையேறி என்று முதலில் நினைத்தார்கள். ஆராய்ந்தபோது சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர் என்று தெரிந்தது. ஆஸ்திரியாவுடனான எல்லையை அளந்து பார்த்தார்கள். கிடந்த இடம் இத்தாலிக்குள் 93 மீட்டர்கூட இல்லை. ஓட்ஸி என்று பெயர் பெற்ற அந்த மனிதர் இன்று மைனஸ் 6 டிகிரி குளிர் அறையில் கிடக்கிறார். சிறிய கண்ணாடிச் சன்னல் வழியாகப் பார்க்கலாம். அவருடைய செப்புக் கோடரி, கரடித்தோல் தொப்பி, புல் திணித்த காலணி எல்லாம் பக்கத்தில். இடது தோளில் அம்பு முனை புதைந்திருந்ததை 2001இல்தான் கண்டுபிடித்தார்கள்: அவர் கொல்லப்பட்டவர். அவசரமாகப் பார்த்துவிட்டு வெளியேறும் இடமல்ல இது. பெரும்பாலான மாதங்களில் திங்கள் விடுமுறை. டிக்கெட்டை முன்பே எடுத்துவிடுவது நல்லது.

அரைகுறை மேகமுள்ள நாளுக்கு ரெனோன். முதலில் சொன்ன கேபிள் காரிலிருந்து இறங்கியதும் 1907இல் தொடங்கிய குட்டி ரயில் காத்திருக்கும். புல்வெளிகளுக்கு நடுவே கடைசி நிலையம்வரை போய், அங்கிருந்து நடந்தால் மண் தூண்களைப் பார்க்கலாம். பழைய பனியாறு விட்டுப்போன களிமண்ணை மழை கரைக்க, மேலே பாறை குடை பிடித்த இடம் மட்டும் கரையாமல் உயரத் தூணாக நிற்கிறது. பாறை விழுந்துவிட்டால் தூணும் மெல்லக் கரையும்.

முழு வெளிச்சமுள்ள நாள் கிடைத்தால் தயங்காமல் ஆல்பே தி சியூசிக்குப் போக வேண்டும். சுமார் 56 சதுர கிலோமீட்டர் விரிந்த இது, ஐரோப்பாவின் மிகப் பெரிய மலைமேல் புல்வெளி. பகலில் வெளியார் கார்கள் மேலே போக முடியாது. சியூசி கிராமம்வரை பேருந்து, பிறகு கேபிள் கார். கோடையில் பிற்பகல் இடிமழை வழக்கம் என்பதால் காலையிலேயே ஏறிவிடுவது உத்தமம். எதிரே நிற்கும் வெளிர்நிறச் சிகரங்கள் இருபது கோடி ஆண்டுகளுக்கும் முன்பு வெப்பக் கடலின் அடியில் படிந்தவை. இந்தப் பாறையை ஆராய்ந்த பிரெஞ்சு அறிவியலாளர் தொலோமியூவின் பெயரால்தான் டோலோமைட் என்கிறார்கள். 2009இல் யுனெஸ்கோ இம்மலைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை. க்னோடல் என்ற ரொட்டி உருண்டையில் புகையூட்டிய பன்றி இறைச்சி பெரும்பாலும் கலந்திருக்கும். சைவர்கள் கீரை அல்லது சீஸ் க்னோடல் என்று கேட்டு வாங்கலாம்; கீரையும் பாலாடைக்கட்டியும் பொதிந்த ஷ்லுட்ஸ்கிராப்பன் இன்னும் ருசி.

வரும் காலமும் முக்கியம். வசந்தத்திலும் நவம்பரிலும், பருவ இடைவெளியில், மேலே பல லிஃப்டுகள் ஓடாது. ஆகஸ்ட் 15ஐ ஒட்டி நாடே விடுமுறையில் இருப்பதால் அறை கிடைப்பது பெரும்பாடு. ஜூன் பிற்பாதி பூக்களுக்கு, செப்டம்பர் தெளிந்த வானத்துக்கு. அக்டோபரில் வந்தால் பண்ணை வீடுகளில் புது ஒயினும் சுட்ட கஷ்கொட்டையும் பரிமாறும் டொர்கெலன் நடக்கும். அந்த வீடுகளில் இடம் குறைவு, இரண்டு மூன்று நாள் முன்பே தொலைபேசியில் சொல்லி வைக்க வேண்டும்.