யோசே வாஸ் அடிகளும் ஒல்லாந்தர் காலக் கத்தோலிக்கரும்

ஈழநாட்டிற் கிறித்தவ சமயம் பரவிய வரலாற்றை ஐரோப்பியர் ஆட்சியின் வரலாறாகவே கருதுவது நம்மவரிடையே வழக்கமாகிவிட்டது. அவ்வழக்கத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. 1621 ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்ததனைச் சைவ மக்கள் மறந்திலர். எனினும், இடித்தோரின் சமயமே பின்னர் ஆட்சியாளரால் ஒறுக்கப்பட்டு, அரசின் துணை சிறிதுமின்றி ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டு இத்தீவில் வாழ்ந்ததென்பதும் அவ்வரலாற்றின் ஒரு பகுதியேயாம்.

ஒல்லாந்தர் 1656 இற் கொழும்பையும் 1658 இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றினர். அவர்கள் சீர்திருத்தக் கிறித்தவர். கத்தோலிக்கரைப் போர்த்துக்கேயரின் கையாட்கள் என ஐயுற்றனர். கத்தோலிக்கக் குருமார் நாடு கடத்தப்பட்டனர். அவர்க்கு அடைக்கலம் கொடுப்போர்க்கு மரண தண்டனை விதிக்கப்படுமெனக் கட்டளை பிறந்தது. ஞானஸ்நானமும் விவாகமும் பாடசாலைத் தோம்பிற் பதியப்பட்டமையால், சொத்துரிமை வேண்டியவனும் உத்தியோகம் விரும்பியவனும் ஆட்சியாளரின் கோயிலுக்குச் செல்லவேண்டியதாயிற்று. சைவர் நிலையும் இதுவே. விரதமிருந்து உண்ட வாழையிலையைக் கூரையிற் செருகி மறைத்தனரென யாழ்ப்பாணத்தில் வழங்கும் கர்ணபரம்பரைச் செய்தி அக்காலத்தின் இயல்பை நன்கு காட்டும். செபமாலையை மறைத்தவனும் வாழையிலையை மறைத்தவனும் ஓரூரில் அயலவராய் வாழ்ந்தனர்.

இவ்வாறு முப்பது ஆண்டளவிற் குருவின்றி வாடிய கத்தோலிக்கரிடம் 1687 ஆம் ஆண்டில் வந்துசேர்ந்தவர் யோசே வாஸ் அடிகள். 1651 இற் கோவாவிலே கொங்கணிப் பிராமணக் கிறித்தவக் குடும்பமொன்றிற் பிறந்தவர். அந்நாளில் ஐரோப்பியத் துறவற சபைகள் இந்தியரைத் தம்முட் சேர்க்கத் தயங்கின. ஆதலாற் கோவாவின் சுதேசக் குருமார் தமக்கென ஒறற்றோரியன் சபையை அமைத்துக்கொண்டனர். அதனை நிலைநிறுத்தியவருள் வாஸ் அடிகள் தலைசிறந்தவர். ஐரோப்பியர் குறையெனக் கருதிய அவருடைய மேனிநிறமே ஈழத்தில் அவருக்குக் கவசமாயிற்று. வெள்ளைக் குருவானவர் ஒருவர் யாழ்ப்பாணக் கரையில் இறங்கியிருப்பின் அன்றே பிடிபட்டிருப்பார். வாஸ் அடிகளோ, யோன் என்னும் பணியாளனுடன் தூத்துக்குடியிலிருந்து தோணியேறி, கூலியாள் கோலத்தில் வந்திறங்கினார்.

வந்ததும் கடும் வயிற்றுளைவு அவரை வீழ்த்தியது. ஏழைப் பெண்ணொருத்தி வார்த்த கஞ்சியால் உயிர்பிழைத்தாரென்பர். பின்னர், கழுத்திற் செபமாலையை அணிந்துகொண்டு வீடுவீடாகப் பிச்சை ஏற்றார். மாலையைக் கண்டு முகம் மாறுவோர் யாவர், கண்கலங்குவோர் யாவர் என நோக்கி, தம்மவரை இனங்கண்டார். சில்லாலையில் ஈராண்டளவு ஒளிந்திருந்து இரவிற் பூசை நிகழ்த்தினார். தமிழ் அவருக்குப் பழக்கமாயிற்று. 1689 ஆம் ஆண்டு நத்தார் இரவில் ஒல்லாந்தர் படை வந்து வளைத்தபோது கூடியிருந்தோர் பலர் பிடிபட்டனர், அடிகள் அகப்படவில்லை. பிடிபட்டோருட் சிலர் கடூழியத்துக்கு உள்ளாயினர். சரித்திர நூல்கள் அடிகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும். தண்டனையை ஏற்ற இவ்வூரவரைப் பற்றி ஓரிரு வரியே எழுதும். துன்பத்தின் பெரும்பங்கு இவர்களுடையதன்றோ?

பின்னர் புத்தளம் சென்று, 1692 இற் கண்டி நாட்டுட் புகுந்தார். அங்கே போர்த்துக்கேய ஒற்றனெனக் குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறையிருந்தார். அச்சிறையிலேயே சிங்களம் கற்றார். உண்மையை உணர்ந்த இரண்டாம் விமலதர்மசூரிய மன்னன் அவரை விடுவித்து ஆதரித்தான். கிறித்தவ அரசு வேட்டையாடிய கிறித்தவக் குருவுக்குப் பௌத்த அரசு புகலிடமளித்தது. அங்கிருந்து மாறுவேடத்திற் கொழும்புக்கும் வந்து, இரவிலே வீடுகள்தோறும் சென்று மீள்வார்.

1697 இற் கண்டியிலே வைசூரி பரவியது. உற்றாரே நோயாளரைக் காட்டில் விட்டகன்றனர். அடிகளும், அவருக்குத் துணையாக வந்த மருமகனார் யோசே கர்வால்கோ அடிகளும் குடிசையமைத்து அவர்களைப் பேணினர். இறந்தோரை அடக்கம் செய்தனர். சமயம் கேட்டு எவரையும் விலக்கினாரல்லர். சமய போதனைக்குச் சென்றவர் என்பதனைவிட, எவரும் செல்லாத இடத்துக்குச் சென்றவர் என்பதே அவரைப் பற்றிக் கூறத்தக்கது.

குரு ஒருவர் ஆண்டுக்கொருமுறை வருதலும் அரிதாயிருந்த ஊர்களிலே மூப்பர், அண்ணாவியார் என்போரை நியமித்து, செபமும் போதனையும் அவர்கள்வழி நடைபெறச் செய்தமை அடிகளின் பெருந்திறன். அடிகள் 1711 தை 16 இற் கண்டியிற் காலமான பின்னும் அவ்வமைப்பு நிலைத்தது. ஒல்லாந்தரின் தோம்பிற் பதியப்பட்டோரோ, 1796 இல் அவ்வாட்சி முடிந்ததும் பெரும்பாலும் தத்தம் பழைய கோயிலுக்கே திரும்பினர். கத்தோலிக்கர்மீதிருந்த சட்டத்தடைகளை ஆங்கிலேயர் 1806 இல் நீக்கியபோது, தடையின் கீழேயே வளர்ந்த சமூகமொன்று வெளிப்பட்டது.

தெமட்டகொடையிலிருந்து சிறிது தூரத்திலுள்ள கொட்டாஞ்சேனையில் உயர்ந்து நிற்கும் புனித லூசியா பேராலயம், ஒல்லாந்தர் காலத்தின் பிற்பகுதியில் ஒறற்றோரியன் குருமார் எழுப்பிய ஓலைக்கொட்டிலின் வழிவந்தது. பொன்னம்பலவாணேசர் கோயிலின் கருங்கற் கோபுரமும் அப்பகுதியிலேயே உளது.

1705 இல் ஈழம் வந்து, தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் பல இயற்றிய யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளும் வாஸ் அடிகளின் கீழ்ப் பணியாற்றியவரே. வாஸ் அடிகள் 1995 இற் கொழும்பில் முத்திப்பேறு பெற்றவராகவும், 2015 தை 14 இற் காலிமுகத்திடலிற் புனிதராகவும் அறிவிக்கப்பட்டார். கொன்சால்வெஸ் அடிகளின் ‘வியாகுல பிரசங்கம்’ தவக்காலத்திற் கத்தோலிக்கத் தமிழூர்களில் இன்றும் வாசிக்கப்படுகின்றது.