உள்ளங்கையில் ஒளிந்திருக்கும் கொக்கி

இடது உள்ளங்கையைச் சற்று விரித்துப் பாருங்கள். சுண்டு விரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டு மடிப்பருகே பட்டாணி போன்றதோர் எலும்பு தென்படும். அதற்குச் சற்று மேலே, ஆள்காட்டி விரலை நோக்கிய திசையில், சதைக்குள் ஆழ்ந்து கிடப்பதே 'ஹாமேட்' எலும்பின் கொக்கி. மணிக்கட்டின் எட்டுச் சிற்றெலும்புகளுள் ஹாமேட்டும் ஒன்று.

அமெரிக்க பேஸ்பால் வீரர்களை இச்சிறு கொக்கி படுத்தும் பாடு பெரிது. அவர்களது உருண்டை மட்டையின் பிடி, நுனியில் ஒரு குமிழுடன் முடிகிறது. வலக்கை ஆட்டக்காரர் இரு கைகளாலும் மட்டையைப் பற்றும்போது, கீழேயுள்ள இடக்கையின் கொக்கியருகே அக்குமிழ் அமர்கிறது. முழு வேகத்தில் மட்டையைச் சுழற்றுகையில் குமிழ் அழுத்தக் கொக்கி முறிகிறது. கீழே விழவும் வேண்டுவதில்லை. பந்து கையில் படவும் வேண்டுவதில்லை.

2015 ஜூன் மாதம் மியாமி அணியின் ஜியான்கார்லோ ஸ்டான்டனுக்கு நேர்ந்தது இதுவே. அதுவரை 27 ஹோம் ரன்கள் அடித்திருந்த அவர், அவ்வாண்டு மீண்டும் களமிறங்கவில்லை.

இம்முறிவு சாதாரண எக்ஸ்ரே படத்தில் பல வேளைகளில் புலப்படாது, ஸி.டி. ஸ்கேன் அதனைத் தெளிவாகக் காட்டும். வெறும் சுளுக்கென்று நாட்களைக் கடத்தினால், முறிந்த முனை உராய்ந்து, சுண்டு விரலை மடக்கும் தசைநாண் அறுந்துபோகவும் கூடும்.

கொக்கிக்கு இரத்த ஓட்டம் குறைவாதலால், கட்டுப் போட்டாலும் முறிவு கூடாமற் போவதுண்டு. ஆகவே விளையாட்டு வீரர்களுக்கு, முறிந்த துண்டை அகற்றிவிடுவதையே மருத்துவர்கள் பெரிதும் நாடுகின்றனர். அருகிற் செல்லும் நரம்புக்கு ஊறு நேராமல் காப்பதே அவ்வறுவையின் நுட்பம். பெரும்பாலோர் ஏறத்தாழ ஆறு வாரங்களில் ஆட்டத்திற்குத் திரும்புகின்றனர். சிலருக்குக் கூடுதல் காலமும் தேவைப்படுகிறது.

எலும்புத் துண்டை இழந்த கைக்கு வலிமை மீளுமா? ஸ்டான்டனே விடை தந்தார். 2017ஆம் ஆண்டில் 59 ஹோம் ரன்கள் அடித்து, தம் லீகின் தலைசிறந்த ஆட்டக்காரர் விருதையும் பெற்றார்.

டென்னிஸ், கோல்ஃப் ஆடுவோருக்கும், கையூன்றி விழுவோருக்கும் இம்முறிவு நேரலாம். ஒரு பொருளை இறுகப் பற்றும்போது சுண்டு விரற்பக்க உள்ளங்கை வலித்தாலோ, கடைசி இரு விரல்கள் மரத்தாலோ, தைலம் தடவிக் காத்திராதீர்கள். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றாலும் வலி நீடித்தால், எலும்பு மருத்துவரிடம் மீண்டும் காட்டுங்கள்.