குத்திய ஊசியை மறைக்காதீர்கள்

காலை ஆறரை மணி. நைட் டியூட்டி முடியப்போகிற நேரம். இரண்டாம் ஆண்டு நர்சிங் மாணவி ஒருத்தி ரத்த மாதிரி எடுத்துவிட்டு, தூக்கக் கலக்கத்தில் ஊசிக்குத் திரும்ப மூடி போடப் பார்க்கிறாள். மூடி நழுவி, ஊசி இடது கை ஆள்காட்டி விரலில் இறங்குகிறது. கையுறைக்குள் ஒரு பொட்டு ரத்தம். அவள் செய்கிற முதல் காரியம், யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்ப்பதுதான். சிஸ்டர் திட்டுவார், டியூட்டர் காதுக்குப் போகும், இன்டர்னல் மார்க்கில் கை வைப்பார்கள். கையுறையைக் கழற்றி, விரலைப் பிதுக்கிவிட்டு, அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறாள்.

நர்சிங் படிப்பில் தடுக்கி விழுகிறவர்களில் பலர் பாடம் புரியாமல் விழுவதில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் விழுகிறார்கள். ஊசி குத்தியது, ராகிங், மருந்து மாறியது, வருகைப்பதிவு குறைந்தது என எதுவுமே மறைக்க மறைக்கத்தான் பெரிதாகும்.

முதல் இரண்டு மணி நேரம்

ஊசி குத்தினால் சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். பிதுக்காதீர்கள், வாயில் வைக்காதீர்கள், ஸ்பிரிட் போட்டுத் தேய்க்காதீர்கள். உடனே வார்டு சிஸ்டரிடமும் டியூட்டரிடமும் சொல்லி, குத்திய நேரத்தோடு பதிவு செய்யச் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவை என்று மருத்துவர் முடிவு செய்தால், அதை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் கடந்தால் பயனில்லை. மாத்திரையை 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். இதைக் கேட்டு வாங்க யாரும் கூச வேண்டியதில்லை. தொற்று அபாயம் உள்ள இடங்களில் பாதுகாப்புப் பொருளும், பயிற்சியும், இந்தத் தடுப்பு மருந்தும் தருவது நிர்வாகத்தின் கடமை என்று 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் சொல்கிறது.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. வார்டு போஸ்டிங் தொடங்கும் முன்பே ஆரம்பித்துவிடுங்கள். ஹெபடைடிஸ் சி-க்குத் தடுப்பூசியே கிடையாது. ஆகவே, பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடும் பழக்கத்தை முதல் நாளே விடுங்கள். ஊசி நேராக வெள்ளைப் பெட்டிக்குள் போக வேண்டும்.

சேரும் முன் ஒரு கேள்வி

'ஒரு வருட நர்ஸ் கோர்ஸ், உடனடி வேலை' என்று பஸ் ஸ்டாண்டுச் சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. அங்கே பணம் கட்டும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'முடித்தபின் மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய முடியுமா?' பதிவு இல்லாதவர் சட்டப்படி நர்ஸ் ஆக முடியாது. பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டு, ஜி.என்.எம். மூன்று ஆண்டு, ஏ.என்.எம். இரண்டு ஆண்டு. பி.எஸ்சி. கல்லூரி என்றால் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பு இருக்கிறதா, கவுன்சில் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தை நம்பாதீர்கள்.

எண்பது, நூறு, ஐம்பது

இந்திய நர்சிங் கவுன்சிலின் பி.எஸ்சி. விதிப்படி, தேர்வெழுத ஒவ்வொரு பாடத்திலும் 80 சதவீத வருகை வேண்டும். மருத்துவச் சான்று கொடுத்தாலும் இந்த எண் இறங்காது. வார்டு பயிற்சியில் பட்டம் வாங்கும் முன் 100 சதவீதம் நிறைவு செய்தாக வேண்டும். விட்ட நாளை ஈடுகட்டியே தீர வேண்டும். நர்சிங் பாடத் தேர்ச்சிக்கு 50 சதவீதம். மொத்தப் படிப்பையும் எட்டு ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். கணக்கைக் கல்லூரியிடம் விட்டுவிடாமல், மாதக் கடைசியில் உங்கள் வருகையை நீங்களே எழுதி வையுங்கள்.

தமிழ்வழியில் படித்து வந்தவர்களை முதல் ஆண்டில் மிரட்டுவது ஆங்கில மருத்துவப் பெயர்கள். அவற்றின் வாலைப் பிடித்தால் பாதி பயம் போய்விடும். 'ஐடிஸ்' என்று முடிந்தால் அழற்சி, 'எக்டமி' என்றால் வெட்டி அகற்றுவது, 'எமியா' என்றால் ரத்தம் சம்பந்தப்பட்டது.

மருந்துக் கணக்கையும் தினம் போட்டுப் பழகுங்கள். மருத்துவர் எழுதியது 250 மி.கி.; குப்பியில் 5 மி.லி.க்கு 500 மி.கி. அப்படியானால் ஏற்ற வேண்டியது 2.5 மி.லி. அந்தப் புள்ளி நழுவினால் 25. சந்தேகம் வந்தால் மருந்தை ஏற்றாதீர்கள், கேளுங்கள். ஏற்றிய பிறகு தவறு தெரிந்தால், அந்த நிமிடமே சொல்லுங்கள். ஐந்து நிமிடத்தில் சொன்னால் நோயாளியைக் காப்பாற்ற வழி இருக்கும்.

மாணவியா, சம்பளமில்லாத ஆளா?

ஆள் பற்றாக்குறை உள்ள வார்டில் மாணவிகளைத் தனியே நிறுத்திவிடுவது உண்டு. பத்து மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் என்பது கவுன்சிலின் அளவுகோல். மேற்பார்வை இல்லாமல் ஊசி போடச் சொன்னால், 'சிஸ்டர், கூட நில்லுங்க, நான் போடறேன்' என்று கேட்பதில் தவறே இல்லை. எந்த வார்டு, எந்த நேரம், யார் மேற்பார்வை என்று தினமும் ஒரு வரி குறித்து வையுங்கள். பிறகு முறையிட நேர்ந்தால் அந்த வரிகள்தான் சாட்சி.

ராகிங், பாலியல் தொல்லை

1996-இல் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டதைத் தொடர்ந்து வந்தது தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம், 1997. ராகிங் செய்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். புகார் வந்தால் விசாரிப்பது கல்லூரித் தலைவரின் கடமை. தேசிய உதவி எண் 1800-180-5522.

பாலியல் தொல்லை தந்தவர் மருத்துவரோ, ஊழியரோ, யாராக இருந்தாலும் 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் பொருந்தும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் மருத்துவமனையில் உள்புகார்க் குழு இருந்தாக வேண்டும். மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுங்கள். தகுந்த காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். நிர்வாகி மீதே புகார் என்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். அவசரத்துக்கு 181. மனசு தளர்ந்துபோனால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

சான்றிதழ் அடமானப் பொருள் இல்லை

கட்டணப் பாக்கியைக் காட்டி அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. சரிபார்த்தவுடன் அசலைத் திருப்பித் தர வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் அறிவுறுத்தல். சான்றிதழ் பிணையாக வைக்கிற பண்டம் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றமும் கூறியிருக்கிறது. முதலில் கல்லூரி முதல்வருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம், அடுத்து பல்கலைக்கழகப் பதிவாளருக்கு. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட இலவசச் சட்ட உதவி மையம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் அங்கே வழக்கறிஞர் கிடைப்பார். கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள். கட்டணச் சுமைக்குக் கைகொடுக்க, அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன்.

கடைசியாக, சிஸ்டர்களுக்கும் டியூட்டர்களுக்கும் ஒரு வார்த்தை. காலை ஆறரை மணிக்கு, வெளிறிய முகத்தோடு ஒரு பெண் உங்கள் மேசைக்கு வந்து நின்றால், 'எப்படிம்மா குத்திக்கிட்டே?' என்று ஆரம்பிக்காதீர்கள். 'எத்தனை மணிக்கு?' என்று கேளுங்கள்.