கடைசியாக மிஞ்சிய பையன்

பள்ளிக்கூடத்து மைதானத்தில் கட்சி பிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு தலைவர்கள் எதிரும் புதிருமாக நிற்பார்கள். ஒருவன் ஓடக்கூடியவனைக் கூப்பிடுவான். மற்றவன் பந்து பிடிக்கக்கூடியவனைக் கூப்பிடுவான். கூட்டம் கரைந்துகொண்டே வரும். கடைசியில் ஒரே ஒரு பையன் மிஞ்சி நிற்பான். ஒல்லியான தேகம், மூக்கில் கனத்த கண்ணாடி. “நீயே வைத்துக்கொள்” என்பான் ஒரு தலைவன். “எனக்கு வேண்டாம், உனக்கே தானம்!” என்பான் மற்றவன். எல்லாரும் சிரிப்பார்கள். அந்தப் பையனும் கூடச் சேர்ந்து சிரித்து வைப்பான். அந்தச் சிரிப்புத்தான் சகிக்காது.

அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் இப்படிப்பட்ட பிள்ளைக்கு ‘நெர்ட்’ என்று ஒரு பட்டம் கட்டினார்கள். தமிழில் இதற்கு நேரான சொல் கிடையாது. புத்தகப் புழு, அசடு, யாருக்கும் ஒட்டாதவன் ஆகிய மூன்றையும் ஒரே உரலில் போட்டு இடித்தால் ஏறக்குறைய அந்த அர்த்தம் வரும். வேதனை என்னவென்றால், பிள்ளைகள் மட்டுமல்ல, சில சமயம் வாத்தியார்களும் அந்தப் பட்டத்தைச் சொல்லிச் சிரித்தார்கள்.

அப்படிச் சிரிக்கப்பட்ட பிள்ளைகளில் பலருக்கு 1970-களின் கடைசியிலும் 1980-களிலும் ஒரு புகலிடம் கிடைத்தது. அது கோயிலும் அல்ல, சங்கமும் அல்ல. வீட்டுத் தரைக்குக் கீழே, பழைய சாமான்கள் போட்டு வைக்கும் நிலவறை. அதில் ஒரு மேஜை, நாலைந்து நாற்காலிகள், கொஞ்சம் காகிதம், பென்சில், விசித்திரமான பகடைகள். விளையாட்டின் பெயர் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. பாதாளச் சிறைகளும் நெருப்புக் கக்கும் நாகங்களும் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

செருப்பு ரிப்பேர்க்காரரின் நிலவறை

இதை உண்டாக்கியவர்கள் இருவர். மின்னஸோட்டா ராஜ்யத்து டேவ் ஆர்னஸன் ஒருவர். விஸ்கான்ஸின் ராஜ்யத்தில் லேக் ஜெனிவா என்ற சிற்றூரில் வாழ்ந்த கேரி கைகாக்ஸ் மற்றவர். கைகாக்ஸ் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தார்; 1970-ல் அதுவும் போயிற்று. பிள்ளை குட்டிக்காரர். வீட்டு நிலவறையில் செருப்பு ரிப்பேர் செய்து காலம் தள்ளினார். ராத்திரியில் தட்டெழுத்து யந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து ராட்சஸர்களையும் மந்திரவாதிகளையும் பற்றி விதிகள் எழுதினார்.

தம்முடைய பாதாளத்துக்குள் அவர் முதல் முதலாக அனுப்பிய வீரர்கள் யார் தெரியுமா? அவருடைய மகனும் மகளுந்தான்!

1974-ம் வருஷ ஆரம்பத்தில் ஆயிரம் பெட்டிகள் தயாராயின. வீட்டிலேயே கையால் அடுக்கி ஒட்டியவை. விலை 10 டாலர். அந்த ஆயிரமும் அநேகமாக அந்த ஒரு வருஷத்திலேயே விற்றுப்போயிற்று. பின்னால் ஒரு சமயம் பகடைக்குத் தட்டுப்பாடு வந்தபோது, பகடைக்குப் பதிலாக எண் அச்சிட்ட காகிதத் துண்டுகளை உள்ளே வைத்து விற்றார்களாம். வாங்கியவர்கள் அவற்றைக் கிண்ணத்தில் போட்டுக் குலுக்கி எடுத்து ஆடினார்கள்! ஆசை வந்துவிட்டால் பகடை ஒரு பொருட்டா?

பாட்டியும் பேரனும்

ஆட்டம் எப்படி? பரமபதம்போல் இதில் ஏணியும் பாம்பும் இல்லை. பழம் எடுத்து ஜெயிப்பதும் இல்லை. பாட்டி கதை சொல்வதை நினைத்துக்கொள்ளுங்கள். “ராஜகுமாரன் குகைக் கதவைத் திறந்தான்” என்கிறாள் பாட்டி. “திறக்கக் கூடாது பாட்டி! முதலில் சாவித் துவாரம் வழியாகப் பார்க்கட்டும்” என்கிறான் பேரன். “சரி, பார்த்தான். உள்ளே ஏதோ மூச்சு விடுகிற சத்தம்” என்று பாட்டி கதையைத் திருப்பிக்கொள்கிறாள். இதுதான் ஆட்டத்தின் உயிர். பாட்டியின் ஸ்தானத்தில் இருப்பவருக்கு ‘டஞ்சன் மாஸ்டர்’ என்று பெயர். மற்ற நாலைந்து பேரும் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரம். எடுத்த காரியம் பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். நம் தாயக்கட்டைக்கு நாலு முகம்; இவர்கள் உருட்டுவதில் இருபது முகம் உள்ளதும் உண்டு.

இனிமேல்தான் முக்கியமான விஷயம் வருகிறது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஆறு குணங்கள் உண்டு. பலம், புத்தி, விவேகம், கைச்சுறுசுறுப்பு, உடல் தாங்கும் சக்தி, வசீகரம். ஆறுக்கும் பகடை உருட்டி எண் போட்டுக்கொள்ள வேண்டும். கவனித்தீர்களா? மைதானத்தில் எது ஒன்றே எல்லாமாக இருந்ததோ, அந்தப் பலம் இங்கே ஆறில் ஒன்று!

பழைய விதிகளின்படி மந்திரவாதி கவசம் அணியக் கூடாது. குத்துவாளைத் தவிர வேறு ஆயுதம் எடுக்கக் கூடாது. ஆரம்பத்தில் ஒரே அடியில் செத்து விழக்கூடிய நோஞ்சான். ஆனால் வீரனுடைய கத்தி பலிக்காத இடத்தில் அவனுடைய மந்திரம் பலிக்கும். பூட்டைத் திறக்கத் திருடன் வேண்டும். காயத்தை ஆற்றப் பூசாரி வேண்டும். பீமனைப்போல் ஒருவன் இருந்தால் மட்டும் குகையிலிருந்து யாரும் உயிரோடு திரும்ப முடியாது. ஆகவே அந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்தவர்களில் வேண்டாதவன் என்று ஒருவனும் இல்லை. ஜெயித்தவன், தோற்றவன் என்ற பேச்சும் இல்லை. ஆடினால் எல்லாரும் ஒரே கட்சி.

வகுப்பில் எழுந்து பேச நாக்கு எழாத பையன், “நான் பேசவில்லை, என் மந்திரவாதி பேசுகிறான்” என்ற சாக்கில் வாய் திறந்தான். இன்று ஐம்பது வயதைத் தாண்டிய அமெரிக்கர்கள் பலர் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். தங்களுக்கு முதல் சிநேகிதர்கள் கிடைத்த இடம் அந்த மேஜைதான் என்று.

பேய் பிடித்தது யாருக்கு?

ஆனால் பட்ட காலிலேதானே படும்! 1979 ஆகஸ்டில் மிச்சிகன் ராஜ்ய சர்வகலாசாலையில் 16 வயதுப் பையன் ஒருவன் காணாமற்போனான். வயதுக்கு மீறிய புத்திசாலி. அந்த வயதிலேயே காலேஜுக்கு வந்துவிட்டவன். அவனுடைய பெயர் அப்போது பத்திரிகைகளில் போதுமான அளவு அடிபட்டுவிட்டது, இங்கே எழுதப்போவதில்லை. அவன் இந்த விளையாட்டை ஆடுகிறவன் என்று தெரிந்ததும், சர்வகலாசாலையின் நீராவிக் குழாய்ச் சுரங்கங்களில் நிஜமாகவே பாதாள ஆட்டம் ஆடித் தொலைந்துபோயிருப்பான் என்று, தேடப் புகுந்த தனியார் துப்பறிவாளர் ஊகம் சொன்னார். பத்திரிகைகள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன.

பையன் ஒரு மாதம் கழித்து லூயிஸியானாவில் அகப்பட்டான். அவனுடைய துக்கத்துக்கும் விளையாட்டுக்கும் சம்பந்தமில்லை. தனிமையும் மனச்சோர்வுந்தான் அவனை வாட்டின. அந்தத் துப்பறிவாளரே 1984-ல் எழுதிய புத்தகத்தில் விளையாட்டுக் காரணமல்ல என்று தெளிவுபடுத்தினார். அதற்குள் பையன் இறந்து நாலு வருஷம் ஆகிவிட்டது. தவறான செய்தி பெரிய எழுத்தில் வந்தது. திருத்தம் யார் கண்ணிலும் படவில்லை. பத்திரிகைத் தொழிலில் இருக்கிற நமக்கும் இதில் வெட்கப்பட இடமிருக்கிறது.

பிறகு கேட்க வேண்டுமா? 1982-ல், இதேபோன்ற ஒரு விளையாட்டில் மூழ்கிச் சித்தம் கலங்கும் வாலிபனைப் பற்றி டெலிவிஷன் படம் வந்தது. அதில் நடித்தவர், பின்னாளில் புகழின் உச்சிக்குப் போன டாம் ஹாங்க்ஸ். 1983-ல், மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் இந்த விளையாட்டுத்தான் எமன் என்று நம்பி, அதை எதிர்த்து ஓர் இயக்கமே தொடங்கினார். புத்திர சோகத்தின் முன்னால் யார் வாதாட முடியும்? ஆனால் விளையாட்டினால் பிள்ளைகள் சாகிறார்கள் என்பதற்கு, பின்னால் ஆராய்ந்து பார்த்தவர்களுக்கு ஆதாரம் அகப்படவில்லை. சைத்தானின் வேலை என்று பாதிரிமார் சிலர் பிரசங்கம் செய்தார்கள். பயந்த பெற்றோர் சிலர் புத்தகங்களைக் குப்பையில் போட்டார்கள், கொளுத்தியவர்களும் உண்டு.

பிள்ளையின் நிலையை யோசித்துப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் ‘உதவாக்கரை’ என்று கேலி. வீட்டில் ‘பிள்ளைக்குப் பேய் பிடித்துவிடுமோ’ என்று கவலை. அவனுக்கு இருந்த சிநேகிதர்களே அந்த நாலு பேர்தான். மேஜையை எடுத்துவிட்டால் அவர்களும் போய்விடுவார்கள். அதைப் பெரியவர்கள் யோசிக்கவில்லை.

முரடரும் நடிகரும்

வருஷங்கள் ஓடின. நிலவறைப் பிள்ளைகள் வளர்ந்து, எழுத்தாளர்களும் யந்திர நிபுணர்களும் சினிமாக்காரர்களும் ஆனார்கள். வெள்ளித்திரையில் ஆளைத் தூக்கி அடிக்கும் வின் டீசல் இந்த விளையாட்டில் வெகுகாலப் பித்தர் என்றால் நம்புவீர்களா? விளையாட்டின் முப்பதாவது ஆண்டு மலருக்கு 2004-ல் முன்னுரை எழுதியவர் அவரே. மைதானத்தில் முதலில் கூப்பிடப்படும் தேகம், மனசோ நிலவறையில்!

வில் வீட்டன் என்ற நடிகரின் கதை இன்னும் விசித்திரமானது. 1972-ல் பிறந்தவர். சிறு வயதில் கூச்ச சுபாவம். பள்ளியில் கேலிக்கு ஆளானவர். இந்த விளையாட்டே கதி என்று கிடந்தவர். 1987-ல் ‘ஸ்டார் டிரெக்’ டெலிவிஷன் தொடரில் அறிவாளிப் பையன் வேஷம் கட்டினார். அந்தத் தொடரின் ரசிகர்கள் யார்? பெரும்பாலும் அவரைப் போலவே பள்ளியில் கேலிசெய்யப்பட்டவர்கள்தாம். அவர்களில் பலர் அந்தப் பாத்திரத்தைக் கரித்துக்கொட்டினார்கள். பதினைந்து வயதுப் பையன், தன் சொந்த ஜாதி என்று நினைத்தவர்களிடமே பேச்சு வாங்கினான். அடிபட்டவன் கைக்குக் கோல் வந்தால் அவனும் அடிக்கிறான் என்பதை இந்தக் கூட்டத்தைப் புகழ்கிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். பெண் பிள்ளைகளின் விஷயமும் அப்படியே. முதல் ஆட்டத்திலேயே ஒரு சிறுமி இருந்தாள். ஆனாலும் பிற்பாடு நெடுங்காலம் பெண்கள் அந்த மேஜையில் அபூர்வம். வந்தவர்களைக் கேலி பேசி விரட்டிய மேஜைகளும் உண்டு.

வீட்டன் கசந்துபோய் ஒதுங்கவில்லை. 2012 முதல், சிநேகிதர்களைக் கூட்டி வைத்து மேஜை விளையாட்டுகளை ஆடிக் காட்டும் நிகழ்ச்சி ஒன்றை யூ-ட்யூபில் நடத்தினார். 2013-ல் டென்வர் நகரத்தில் ரசிகர் மாநாடு. ஒரு சிறுமி எழுந்து, “சின்ன வயதில் உங்களையும் நெர்ட் என்று சொன்னார்களா? நீங்கள் என்ன செய்தீர்கள்?” என்று கேட்டாள். மேடையில் இருந்தவர் சாமர்த்தியமாகச் சிரித்து மழுப்பியிருக்கலாம். அவர் மழுப்பவில்லை. ஆமாம், சொன்னார்கள், வலித்தது என்றார். கேலி செய்கிறவர்களுக்கு உள்ளே ஏதோ ஒரு துக்கம்; அது உன்னைப் பற்றியதே அல்ல என்று அந்தக் குழந்தைக்குப் புரியும்படி எடுத்துச் சொன்னார். உனக்குப் பிடித்ததை உன்னைப் போலவே விரும்புகிறவர்களைத் தேடிப் போ என்றார்.

தபால் தலையில் நாகம்

தேடிப் போகிறவர்களுக்கு இப்போது பஞ்சமில்லை. 1968-ல் கைகாக்ஸ் லேக் ஜெனிவாவில் தோட்டக்கலை மன்றத்தை 50 டாலர் வாடகைக்குப் பிடித்து, விளையாட்டுப் பிரியர்களை ஒரு நாள் கூட்டினார். ‘ஜென் கான்’ என்ற அந்தச் சந்திப்பு 2003 முதல் இண்டியானாபொலிஸ் நகரத்தில் நடக்கிறது. 2024-ல் வந்தவர்கள் 70 ஆயிரத்துக்கும் மேல். அதே வருஷம் விளையாட்டுக்கு ஐம்பது வயது பூர்த்தியாயிற்று என்று அமெரிக்கத் தபால் இலாகா பத்துவிதத் தபால் தலைகளை வெளியிட்டது. ஒரு காலத்தில் எந்தப் புத்தகத்தைக் கொளுத்தினார்களோ, அதன் நாகம் இன்று கடிதத்தின் மூலையில் சவாரி செய்கிறது! 2016-ல் தொடங்கிய ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரின் பையன்களும் நிலவறையில் இதே ஆட்டத்தோடுதான் கதையைத் தொடங்கினார்கள். உலகம் முழுதும் அவர்களைக் கொண்டாடிற்று. கைகாக்ஸ் இதையெல்லாம் பார்க்கவில்லை. 2008-ல் லேக் ஜெனிவாவிலேயே காலமானார்.

தபால் தலையும் கூட்டமும் பெரிய விஷயந்தான். என்றாலும் எனக்கு அந்த மேஜைதான் பெரிதாகத் தெரிகிறது. சியாட்டிலில் ‘கேம் டு குரோ’ என்று ஒரு தரும ஸ்தாபனம் இருக்கிறது. பிறரோடு பழகத் தடுமாறும் பிள்ளைகளை நாலைந்து பேராகச் சேர்த்து வைத்து இவ்விதமான ஆட்டங்களை ஆடவைக்கிறார்கள். எந்த ஊர் மேஜையானாலும் கதை சொல்கிறவர் ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டு, ஒவ்வொரு முகமாகப் பார்த்து வருவார். வாயாடியிடமும் கேட்பார், மூலையில் பென்சிலைக் கடித்துக்கொண்டிருக்கும் புதுப் பையனிடமும் கேட்பார்:

“குகைக்குள் ஏதோ மூச்சு விடுகிறது. நீ என்ன செய்யப் போகிறாய்?”

மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.