வாடகை வந்துகொண்டுதான் இருந்தது

மஸ்கட்டில் இருக்கும் என் அக்கா, மேடவாக்கத்தில் ஒரு ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விட்டிருக்கிறாள். பார்த்துக்கொள்ள ஒருவரை அமர்த்தியிருந்தாள். மாதம் பிறந்து ஐந்தாம் தேதிக்குள் வாடகை கணக்கில் ஏறிவிடும். மூன்று வருடம் நிம்மதியாக இருந்தாள். விடுமுறையில் வந்து பார்த்தபோதுதான், குளியலறைக் குழாய் சுவருக்குள்ளேயே கசிந்து, படுக்கையறை வரை ஓதம் ஏறியிருந்தது தெரிந்தது. குடியிருந்தவர் முதல் மழைக்காலத்திலேயே சொல்லிவிட்டாராம். "மேடத்தை எதுக்கு அங்க கவலைப்பட வைக்கணும்னுதான் சொல்லல" என்றார் பார்த்துக்கொண்டவர்.

அவர் ஒரு ரூபாய்கூட எடுக்கவில்லை. ஆனாலும் அக்காவுக்குப் பெரிய நஷ்டத்தை உண்டாக்கியது அந்த மௌனம்தான். தூரத்தில் இருப்பவர்களுக்கு வாடகை வந்த சேதியைவிட, குழாய் ஒழுகிய சேதிதான் முதலில் போய்ச் சேர வேண்டும்.

வாடகை வீட்டுப் பழுதுகளில் பாதிச் சண்டை, எந்தச் செலவு யாருடையது என்பதில் வருகிறது. 2017இல் இயற்றப்பட்டு 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் இதைப் பட்டியல் போட்டே சொல்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது, குழாய்களை மாற்றுவது, மின் ஒயரிங் எல்லாம் உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் அன்றே இருதரப்பும் அந்தப் பட்டியலைச் சேர்ந்து படித்துவிடலாம். பத்து நிமிட வேலை.

இன்னொன்றை உரிமையாளர்கள் பலர் மறைக்கிறார்கள், அல்லது சொல்ல மறக்கிறார்கள். வருமான வரிச் சட்டப்படி உரிமையாளர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால், வாடகை எவ்வளவு குறைவானாலும், குடியிருப்பவர் வரி பிடித்துக் கட்ட வேண்டும். பொதுவாக அது செஸ் சேர்த்து 31.2 விழுக்காடு. பிடிக்காவிட்டால் வட்டியோடு அவர் தலையில் விழும். உள்ளூர் முகவரியை மட்டும் காட்டி வீட்டை விடுவது, வாடகைக்கு வருகிறவரைத் தெரிந்தே மாட்டிவிடுவதுதான். இதை எனக்குச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இப்போது அக்கா ஏற்பாட்டை மாற்றிவிட்டாள். இரண்டாயிரம் ரூபாய் வரையிலான பழுதை வீட்டைப் பார்த்துக்கொள்பவர் கேட்காமலே சரிசெய்யலாம். அதற்கு மேல் போனால் படம் அனுப்பிக் கேட்க வேண்டும். பில் இல்லாத செலவு கணக்கில் ஏறாது. மாதக் கணக்கு குடியிருப்பவரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவிலேயே வருகிறது. அவர்களிடம் அக்காவின் நம்பரும் இருக்கிறது. போன வாரம் அந்த வீட்டுப் பெண்மணி சமையலறைச் சுவரில் விழுந்த மெல்லிய விரிசலைப் படமெடுத்துப் போட்டிருந்தார். அன்று மாலையே கொத்தனார் போய்ப் பார்த்துவிட்டார்.